கொஞ்சம் பிரைட் பண்ணுங்க சார்!

பணி ஓய்வுக்குப் பிறகு முகப்படம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பறவை எடுப்பவர்களுக்குச் செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருக்கிறது. கோயில் எடுப்பவர்களுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் இருக்கிறது, மாமல்லபுரம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது மனித முகம். மறைமலைநகரில் அதற்குப் பஞ்சமே இல்லை. தொழிற்சாலைகளை நம்பி எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊர் இது. இஸ்திரி வண்டி அம்மா, சர்வீஸ் ரோட்டில் இளநீர் வெட்டும் பெரியவர், ராத்திரி ஷிப்ட் முடித்து ரயிலடியில் டீ குடிக்கும் பையன், என்னோடு நடக்க வரும் ஓய்வூதியக்காரர்கள் என்று கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எடுத்ததை நாலு பேரிடம் காட்டுவேன். காட்டினால் கருத்து வரும். வரட்டும், அதற்குத்தானே காட்டுகிறோம்! ஆனால் வருகிற கருத்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று கொஞ்சம் காரமாகவே எழுதப்போகிறேன். நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

கருத்துகள் மூன்று வகை. முதல் வகை "சூப்பர்", "அருமை", கைகூப்பும் பொம்மை. இதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி.

இரண்டாம் வகை தொழில் தெரிந்தவர்கள் சொல்வது. "கண்ணில் ஃபோக்கஸ் வையுங்கள், மூக்கில் வைக்காதீர்கள்." "மணிக்கட்டில் படத்தை வெட்டாதீர்கள், கை துண்டானது போலத் தெரியும்." "தலைக்குப் பின்னால் கரண்ட் கம்பம் முளைத்திருக்கிறது பாருங்கள்." "ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெருக்கும், இரண்டு அடி பின்னால் போங்கள்." இதெல்லாம் பொன்னான வார்த்தைகள். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் இப்படிச் சொன்னவர்களிடம் கற்றதுதான்.

மூன்றாம் வகைதான் என் வழக்கு. "நல்லா இருக்கு சார். கொஞ்சம் பிரைட் பண்ணியிருக்கலாம்."

பிரைட் என்றால் வெளிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். படத்தில் வெளிச்சம் போதவில்லை என்றால் அது நியாயமான குறை. இவர்கள் சொல்வது வேறு. இஸ்திரி வண்டி அம்மாவின் படத்தில் சேலைக் கரை தெரிகிறது, வண்டியின் மரச்சட்டம் தெரிகிறது, கன்னத்தில் காலை வெயில் பளபளக்கிறது. ஆனாலும் "பிரைட் பண்ணுங்க" என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் மனசில் உள்ளதை உடைத்துச் சொன்னார்: "கொஞ்சம் கலரா காட்டலாமே சார். அந்த சுருக்கத்தையும் எடுத்துட்டா இன்னும் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்."

நிறத்தை மாற்று, வயதைக் குறை. இதற்குப் பெயர் விமர்சனமா? படத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தை உண்டா? அந்த அம்மாவின் தோலைப் பற்றி இவர் வைத்திருக்கும் அபிப்பிராயத்தைப் படத்தின் தலையில் கட்டுகிறார், அவ்வளவுதான்.

இந்த அபிப்பிராயம் இன்று நேற்று வந்ததில்லை. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஸ்டுடியோவுக்குள் போனால் ஒரு மூலையில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. ஏற்கனவே வீட்டில் பூசிக்கொண்டு வந்ததற்கு மேல் அங்கே இன்னொரு கோட்டிங். திரையில் தாஜ்மகாலோ ஒரு மாடிப்படியோ வரைந்திருக்கும். படம் எடுத்த பிறகு டச்சிங் என்று ஒரு வேலை உண்டு. நெகட்டிவை வெளிச்சத்தின் முன் வைத்து, கூர் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே, கன்னத்துச் சுருக்கத்தில் மெல்ல மெல்லப் புள்ளி வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் கரி ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். சுருக்கம் மறையும், நிறமும் ஒரு படி ஏறும். கைவேலை என்ற வகையில் அதற்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் கறுப்பும் மூப்பும் திருத்தவேண்டிய பிழைகள் என்ற பாடத்தை நாம் படித்த பள்ளிக்கூடங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் காலத்து ஸ்டுடியோ படங்களைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம். அவை பொக்கிஷங்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய், 1880 முதல் 1980 வரையிலான படங்களை மின்வடிவில் சேமித்திருக்கிறார்கள். செல்லரித்துப் போயிருக்கவேண்டிய எத்தனையோ குடும்பங்களின் முகங்கள் அதனால் பிழைத்தன.

ஸ்டுடியோக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஃபிலிமே நம் நிறத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. கோடாக் நிறுவனம் 1950-களில் தொடங்கி, கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்குப் போஸ் கொடுத்தவர் பெயர் ஷெர்லி என்பதால், பிறகு யார் படம் வந்தாலும் அதற்கு 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். ஷெர்லியின் தோல் நன்றாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். நம் தோல் எப்படி வருகிறது என்று அந்தக் கார்டு கேட்கவே இல்லை.

இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத். அவர் சொல்லும் செய்தி ஒன்று சிரிப்பை வரவழைக்கும், கோபத்தையும் வரவழைக்கும். பழுப்பு நிறத்தின் நுணுக்கங்கள் ஃபிலிமில் சரியாகப் பதிவதில்லை என்று கோடாக்கிடம் அழுத்தமாக முறையிட்டவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும். பால் சாக்லேட்டுக்கும் கறுப்பு சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம்! அதன் பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை நடந்தது. கோடிக்கணக்கான மனிதர்கள் சாதிக்காததை ஒரு மேசையும் ஒரு மிட்டாயும் சாதித்தன.

இப்போது ஃபிலிம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தது. டியூபின் மேலிருந்து இறங்கிய அந்தச் சொல் ஃபோனுக்குள் 'பியூட்டி' என்ற பட்டனாக ஏறி உட்கார்ந்துகொண்டது. சில ஃபோன்களில் நாம் கேட்காமலே அது வேலை செய்கிறது. கறுப்புத் தோலை உள்ளபடி காட்டுவதே ஒரு சிறப்பு அம்சம் என்று 2021-இல் கூகுள் தன் புது ஃபோனுக்கு விளம்பரம் செய்தது. உள்ளதை உள்ளபடி காட்டுவது கேமராவின் அடிப்படை வேலை என்றல்லவா நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்!

"இதில் என்ன சார் கெட்டுப்போச்சு? பார்க்க நல்லா இருந்தா சரி" என்பார்கள். என்ன கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன்.

எங்களோடு நடக்க வந்துகொண்டிருந்த ஒருவர் போன ஆண்டு காலமானார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். நல்ல கறுப்பு, நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும் உதடு. வீட்டில் தேடியபோது கிடைத்தது ஆதார் அட்டைக்காக எடுத்த படம் ஒன்றுதான். ஃப்ளெக்ஸ் கடையில் அதைப் பெரிதாக்கி, வெளுப்பாக்கி, தழும்பை அழித்து, உதட்டில் கொஞ்சம் ரோஸ் ஏற்றி, யாரோ ஒருவருடைய கோட்டையும் மாட்டிவிட்டார்கள். மறுநாள் காலை தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' பேனருக்குக் கீழே நின்றுகொண்டு, ஆறு வருஷம் அவரோடு நடந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "யாருப்பா போயிட்டது?"

இதற்கு மேல் நான் என்ன வாதம் செய்ய? படத்தில் இருக்கிற ஆளை அவரைத் தெரிந்தவருக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த வீட்டுச் சுவரில் இன்றும் மாலையோடு தொங்குவது அந்தப் படம்தான். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் தாத்தாவை நினைவில் வைத்துக்கொள்வார்கள். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்க இனி அவர்களுக்கு வழியில்லை.

பாரதியையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய புகைப்படங்கள் ஐந்தே ஐந்து. ரா. அ. பத்மநாபன் தேடித் தேடித் தொகுத்து 1957-இல் 'சித்திர பாரதி'யாகக் கொண்டுவந்ததால் அந்த வாழ்க்கையைப் படமாகப் பார்க்க முடிகிறது. 1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனபோது எடுத்த படத்தில் ஒட்டிய கன்னமும் ஊடுருவும் கண்ணும் இருக்கின்றன. காலண்டரிலோ, கன்னம் உப்பி, ரோஜா நிறத்தில், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பாரதி! பட்டினியை அழித்துவிட்டால் அந்த மனிதரில் பாதி போய்விடுகிறது. காலண்டர்காரருக்கும் யாரோ "பிரைட் பண்ணுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனி, பொழுதுபோக்காக முகப்படம் எடுத்து, ஊரார் வாயில் விழுந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. கணவர் சார்லஸ் ஹே கேமரன், இலங்கை வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த கோல்புரூக் – கேமரன் சீர்திருத்தங்களின் கேமரன்தான். இந்த அம்மாள் கேமராவைத் தொட்டபோது வயது 48. மகளும் மருமகனும் 1863-இல் பொழுதுபோக வாங்கிக் கொடுத்தது. கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கி ஸ்டுடியோ, கரிக்கொட்டகையை இருட்டறை என்று ஆரம்பித்துவிட்டார்.

லண்டன் புகைப்படச் சங்கத்து விமர்சகர்கள் சும்மா விடுவார்களா? ஃபோக்கஸ் சரியில்லை, தட்டில் கறை, விரல் ரேகை, வேலையில் சுத்தமில்லை என்று வாட்டி எடுத்தார்கள். தொழில்முறையில் பார்த்தால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் 1867-இல் அவர் எடுத்த வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். இருட்டறை வேலை செய்த ஒவ்வொருவரும் கைநனைத்த ஹைப்போவைப் புகைப்படத்துக்குத் தந்தவர் இந்த ஹெர்ஷல்தான். அப்போது அவருக்கு 75 வயது. சீவாத வெள்ளை முடி, நெற்றியெல்லாம் கோடு, கண்ணுக்குக் கீழே பை. ஒன்றையும் அந்த அம்மாள் மறைக்கவில்லை. விமர்சித்தவர்களின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. ஹெர்ஷல் என்றால் உலகம் நினைப்பது அந்த முகத்தைத்தான்.

அவர் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் படம் எடுத்தார். 1879-இல் அங்கேயே இறந்தார். கல்லறை மலையகத்தில் பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் படத்தின் கீழே பெயர் உண்டு. இலங்கையில் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்', அவ்வளவுதான். சுருக்கத்தை மறைக்காதவரும் பெயரை எழுத மறந்தார். அதனால்தான் நான் படம் எடுத்தவுடன் நோட்டில் முதலில் பெயரை எழுதிக்கொள்கிறேன். "இஸ்திரி வண்டி அம்மா" என்று இங்கே எழுதுவது அவர் அனுமதி இல்லாமல் பெயரைப் போடக்கூடாது என்பதற்காக. என் நோட்டில் அவருக்குப் பெயர் உண்டு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். படத்தில் இருப்பவரே "கலரா காட்டுங்க" என்று கேட்டால்? கேட்கிறார்கள். இளநீர் வெட்டும் பெரியவர் கேட்டார். "நேர்ல இருக்கிற மாதிரியேவா வேணும்? அதான் தினமும் கண்ணாடில பாக்குறேனே" என்றார். நான் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். ஒன்று அவர் கேட்டபடி, ஒன்று உள்ளபடி. வீட்டில் மாட்டியிருப்பது அவர் கேட்டதைத்தான். அது அவருடைய முகம், அவருடைய சுவர். அதில் தலையிட எனக்கு என்ன உரிமை? அறுபது வருஷம் நிறத்தைச் சொல்லிச் சொல்லிக் கேலி பேசிய உலகத்தில் வாழ்ந்தவர் ஒரு படத்திலாவது வேறாக இருக்க ஆசைப்பட்டால், அந்த ஆசையைக் கண்டிக்கும் யோக்கியதை யாருக்கும் இல்லை. ஆனால் அவர் கேட்பது வேறு, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு மூன்றாம் மனிதர் அவருக்காகக் கேட்பது வேறு. முன்னது உரிமை, பின்னது அதிகாரம்.

"அப்படியானால் கறுப்பாக, இருட்டாக எடுப்பதுதான் நேர்மையா?" என்று கேட்காதீர்கள். இருட்டாக எடுப்பது வெளுப்பாக்குவதற்குச் சமமான அநியாயம். நம் தோலுக்கு வேண்டியது நல்ல வெளிச்சம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவரை நிறுத்தினால், அது வெள்ளையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று முகத்தை இருட்டில் தள்ளிவிடும். கறுத்த முகத்தை மட்டும் பிரேம் முழுக்க வைத்தால் வெளிச்சத்தை ஏற்றிச் சாம்பல் பூசியது போலாக்கிவிடும். ஆகவே மீட்டரை நம்பாமல் கன்னத்தைப் பார்த்து அளக்க வேண்டும்.

உச்சி வெயில் வேண்டாம். திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ உட்காரவைத்து, முகம் திறந்த வானத்தைப் பார்த்தபடி, பக்கவாட்டில் வெளிச்சம் வரும்படி வைத்தால் போதும். எதிரே ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்தால் நிழல் பக்கமும் கொஞ்சம் துலங்கும். கறுத்த தோலின் அழகு அதன் மேல் ஒளி விழுந்து திரும்பும் இடங்களில் இருக்கிறது: கன்னமேடு, நெற்றி, மூக்கின் தண்டு. எண்ணெய் தேய்த்த தேக்கு மாதிரி மின்னும். வெளுப்பாக்கும் பட்டன் முதலில் தின்றுவிடுவது இந்த மினுக்கத்தைத்தான். "சார், இந்தப் பக்கம் வெளிச்சம் பத்தலை, துண்டு பிடிச்சிருக்கலாம்" என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவேன். அது விமர்சனம்.

முகத்தை உள்ளபடி காட்டுவது மேல்நாட்டுச் சரக்கு என்று ஒருவர் சொன்னார். அவரைச் செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போக ஆசை. அங்கே ஆதிவராகர் குகையில் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் அரசியரோடு கல்லில் இருக்கிறார்கள். மேலே பெயர் பொறித்திருக்கிறது. யார் என்று சொல்லி ஓர் ஆளைக் காட்டும் வழக்கம் நமக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழசு. அப்படியே அர்ச்சுனன் தபசுக்கு வாருங்கள். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசியைப் பாருங்கள். வயிறு ஒட்டி, விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்திலேயே தேவர்களையும் கின்னரர்களையும் வழவழவென்று செதுக்கிய அதே கைகள்தான். சதை வைக்கத் தெரியாமலா விட்டார்கள்? தவம் செய்த உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்தார்கள். விலா எலும்பை எடுத்துவிட்டால் தவமும் போய்விடும். உழைத்த முகத்துக்கும் சுருக்கம் அப்படித்தான்.

ஆகவே, முகப்படத்துக்குக் கருத்துச் சொல்லும் நண்பர்களுக்கு என் விண்ணப்பம். படத்தில் இருப்பவரை உங்களுக்குத் தெரியுமானால், "இது அவர்தானா?" என்று பாருங்கள். அவர் இல்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய குறை முகப்படத்தில் கிடையாது. அவரைத் தெரியாதென்றால் வெளிச்சம், ஃபோக்கஸ், பின்னணி எதைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்கிறேன். நிறத்தையும் வயதையும் மட்டும் விட்டுவிடுங்கள். அவை படத்தின் குறைகளில் சேராது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் உங்களுடைய நல்ல படம் ஒன்று இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். கூட்டத்தில் ஓரமாக நிற்பது, ஆதார் அட்டை, பஸ் பாஸ் எல்லாம் கணக்கில் சேராது. இல்லையென்றால் பேரனிடம் சொல்லி ஒரு காலை நேரத்தில் வாசலில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். பியூட்டி பட்டனை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம் பாட்டிமார் சொன்னதை இன்னும் நம்புகிறவர் யாராவது இருந்தால், நமக்கு இனிக் குறைவதற்கு அதிகம் இல்லை என்று நினைவூட்டுகிறேன்.

மறைமலைநகர்ப் பக்கம் இருப்பவர்கள் எனக்கே சொல்லலாம். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். காசு வேண்டாம், ஒரு டம்ளர் காபி போதும். பிரிண்ட் கொடுக்கும்போது பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதித் தருவேன்.